பச்சைமுத்துவின் ஹிந்திக்காரி

பச்சைமுத்து தலை வாரிக்கொள்ள ஆரம்பித்த நாளிலிருந்து வடிவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆண்பிள்ளை தலை வாரினால் பெண்டாட்டிக்கு என்ன வந்தது என்று கேட்கிறவர்கள் பச்சைமுத்துவைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். ஏஷியாட் விளையாட்டுக்காக டில்லியையே தோண்டிப் போட்டிருந்த வருஷம் அது. ஸ்டேடியம் கட்டுகிற இடத்தில் அவன் கொத்தனாருக்குக் கையாள். சாயங்காலம் திரும்பும்போது புருவம்கூட சிமெண்ட் பூத்து வெளுத்திருக்கும். அப்படியே உட்கார்ந்து சாப்பிட்டு அப்படியே படுத்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளில் தண்ணீரைக் கண்டால் ஒதுங்கிப் போகிற மனுஷன். அப்படிப்பட்டவன் வாரநாளில் குழாயடியில் சோப்புப் போட்டுக் குளித்து, துவைத்த சட்டையை மாட்டி, அடுத்த குடிசைச் செல்லம்மாளிடம் கண்ணாடியை இரவல் வாங்கித் தலையை வாரிக்கொண்டு, "ஒரு வேலையிருக்கு, வந்துடறேன்" என்று கிளம்பினால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் வயிறு எரியாது?

குடித்துவிட்டு வந்தாலாவது அவள் மனசு ஆறியிருக்கும். குடிக்கு நாலு வசவு போதும், மறுநாள் சரியாகிவிடும். இவன் குடிக்காமல் திரும்பினான். எங்கே போனாய் என்றால் பதில் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். வாயில் வாடை இல்லாமல் வருகிற புருஷனைவிடச் சந்தேகத்துக்கு உரியவன் யார் இருக்கிறான்!

வடிவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் மடி நிறையவில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமத்தில் மாமியார் ரெண்டாம் கல்யாணப் பேச்சை எடுத்தபோது பச்சைமுத்துதான், "எனக்கு இவ போதும்" என்று ஒரே வார்த்தையில் முடித்து, அவளை டில்லிக்கு ரயிலேற்றிக் கூட்டிவந்தான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் பாஷை தெரியாத ஊரில், நாலா என்று அங்கே சொல்கிற பெருஞ்சாக்கடையோரத்துக் குடிசையில், அதன் நாற்றத்தில் அவள் காலம் தள்ளினாள். அவனை எவளாவது கொத்திக்கொண்டு போய்விட்டால் திரும்பிப்போக வீடும் இல்லை, இருந்து பிழைக்க ஊரும் இல்லை.

யார் அவள் என்பதுதான் கேள்வி. குடிசைப் பகுதியில் இருந்த பெண்களை ஒவ்வொருத்தியாக எடை போட்டுப் பார்த்துத் தள்ளிவிட்டாள். இவர்களுக்காகத் தலை வார வேண்டியதில்லை. அப்படியானால் வெளியே இருக்கிறவள். ஹிந்திக்காரி.

ஹிந்திக்காரி என்று மனசில் விழுந்ததுதான் தாமதம், அவளுக்கு உருவம் வர ஆரம்பித்தது. லோதி காலனியில் வடிவு நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். ஒரு வீட்டுப் பஞ்சாபிக்காரியின் மூக்கு அவளுக்குப் பொருத்தமாக இருந்தது, எடுத்து வைத்தாள். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடுகிறவளின் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கியது, அதையும் வைத்தாள். பால்காரனிடம் ஒருத்தி தலையைச் சாய்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டதும் வடிவுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. இப்படித்தான் சிரித்திருப்பாள் சிறுக்கி! இந்தச் சிரிப்புக்குத்தான் என் புருஷன் சோப்புப் போடுகிறான்!

"என்னடி வடிவு, பால் சட்டியை அரை மணியா தேச்சிண்டிருக்கே? ஓட்டை விழுந்துடப்போறது" என்றாள் அவள் வேலை செய்த ஒரே தமிழ் வீட்டு அம்மாள் சுந்தரவல்லி.

"அடி புடிச்சிருக்குதுங்கம்மா" என்றாள் வடிவு. பிடித்திருந்தது வேறு.

இப்படி அவள் வெந்துகொண்டிருந்த நாளில்தான் குடிசைப் பகுதிக்குள் போலீஸ் வந்தது.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரம். ரெண்டு ஜீப். வந்தவர்கள் யாரையும் எதையும் கேட்கவில்லை. நேராக மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் போய், செங்கல் மேடையைப் பெயர்த்தார்கள். அடியில் சிமெண்ட் மூட்டை. பிறகு இருசன் குடிசைக்குப் போய் உட்சுவரைத் தட்டிப் பார்க்காமலே இடித்தார்கள். அதற்குப் பின்னாலும் சிமெண்ட் மூட்டை. இருசனையும் இன்னும் ரெண்டு பேரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

சிமெண்ட் யாருடையது என்று அங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ராஜசேகரன் மேஸ்திரியுடையது. இருசன் அவருக்காகப் பதுக்கி வைக்கிறவன். சிமெண்டுக்குப் பெர்மிட் வேண்டும், பெர்மிட்டுக்குப் பெரிய மனுஷர் வேண்டும் என்றிருந்த காலம் அது; ஒரு மூட்டை கறுப்பு மார்க்கெட்டில் ரெட்டை விலைக்குப் போகும். ஸ்டேடியத்து நல்ல சிமெண்டை மேஸ்திரி வெளியே கடத்துவார். குறைகிற எடைக்குச் சாம்பலைக் கலந்து வைப்பார். அந்தச் சாம்பல் கலவையில் போட்ட தளம் ஒன்று போன தை மாசம் சரிந்தபோது அடியில் நின்றவன் வடிவின் தம்பி சுப்பு. உயிர் பிழைத்தான், வலது கை போய்விட்டது. மேஸ்திரியே டிக்கெட் எடுத்துக் கொடுத்து அவனை ஊருக்கு அனுப்பிவைத்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை. வேலைக்கு ஆள் எடுப்பவர் அவர், அவசரத்துக்குக் கடன் கொடுப்பவர் அவர், ஞாயிற்றுக்கிழமைப் பஞ்சாயத்தில் நடுவில் உட்காருகிறவரும் அவர். உரலில் தலையைக் கொடுத்த பிறகு உலக்கையைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது?

அன்றைக்கே மேஸ்திரி கோயில் முன்னால் எல்லோரையும் கூட்டினார். பெயர்த்துப் போட்ட செங்கல் மேல் நின்றுகொண்டு பேசினார்.

"ரேடியோவுல சொல்றானுங்க, கேட்டிருப்பீங்க. சிமெண்டப் பத்தித் துப்புக் குடுத்தா கையில காசாம். பேரு கேக்க மாட்டானுங்களாம், ஊரு கேக்க மாட்டானுங்களாம். நம்மாளு எவனோ ஒருத்தன் வாயத் தொறந்திருக்கான். எவன் கையில புது நோட்டு பொரளுதுன்னு பாருங்க. எவன் சொல்லாம கொள்ளாம வெளிய போயிட்டு வரான்னு பாருங்க. அவன்தான். மாரியாத்தா சத்தியமா அவன் கை ரெண்டும் அவன் ஒடம்புல இருக்காது."

அவருக்குப் பின்னால் நாலு பேர் கம்பி வைத்துக்கொண்டு நின்றார்கள்.

வடிவும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றாள். மேஸ்திரி சொன்னது காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. அவள் பச்சைமுத்துவின் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலிருந்து ரெண்டாவது பித்தான் புதிது. அதை அவள் தைக்கவில்லை. அப்படியானால் தைத்தது யார்? ஊரே காட்டிக் கொடுத்தவனைத் தேடிக்கொண்டிருக்க, அவள் பித்தான் தைத்தவளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் அவன் மறுபடி குளித்தான். மறுபடி கண்ணாடி வாங்கினான். இந்தத் தடவை வடிவு விடவில்லை. முந்தானையை இழுத்து ஹிந்திக்காரிகள் மாதிரி முகத்தை மூடிக்கொண்டு பின்னாலேயே போனாள். பஸ்ஸில் ஏறிவிடுவானோ என்று பயந்தாள். அவன் நடந்தே போனான். மடியில் கனம் இருப்பவனைப் போல அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான். அவளுக்கு அதுவும் எரிந்தது. என்னோடு வரும்போது ஒரு தரமாவது திரும்பிப் பார்த்திருப்பானா?

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குள் நுழைந்தான். முருங்கைக்காயும் தேங்காயும் விற்கிற நம்மவர் கடைகளை எல்லாம் தாண்டி, மீன் கடைகளுக்குப் பின்னால் போய் நின்றான். வடிவு புழுங்கலரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டாள். இதோ வரப்போகிறாள், அந்தப் பின்னலை ஆட்டிக்கொண்டு வரப்போகிறாள் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

வந்தது ஓர் ஆள். ஸ்கூட்டரில் வந்தான். வெள்ளைச் சட்டை, தடித்த மீசை, காலில் கனத்த பழுப்பு பூட்ஸ். மடித்த செய்தித்தாளைப் பச்சைமுத்துவிடம் கொடுத்தான். பச்சைமுத்து அதை இடுப்பில் செருகிக்கொண்டான். அந்த ஆள் ஒரு காகிதத்தில் அவன் கட்டைவிரலை ஒற்றி வாங்கிக்கொண்டு, முதுகில் தட்டிவிட்டு, ஸ்கூட்டரை உதைத்துப் போய்விட்டான். பெண் வாடையே இல்லை.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் நின்று யோசித்திருப்பார்கள். பொறாமைக்காரிக்கு யோசனை கிடையாது, தீர்ப்புதான். ஸ்கூட்டர்காரன் அவளுடைய அண்ணன், இல்லாவிட்டால் டிரைவர் என்று வடிவு முடிவு கட்டிவிட்டாள். வசதியான இடத்துப் பெண், தானே வரமாட்டாள், ஆள் அனுப்புகிறாள். கைநாட்டு வாங்குகிறார்களே, எதற்கு? தாலி கட்டுவதற்கா?

மறுநாள் அவன் வேலைக்குப் போன பிறகு குடிசையைப் புரட்டினாள். கூரையைத் தாங்குகிற மூங்கில் ஓட்டைக்குள் செய்தித்தாள் சுருள் இருந்தது. உள்ளே மூன்று நூறு ரூபாய் நோட்டு, மடிப்புக் கலையாமல்.

காசு கொடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள்! என் புருஷனுக்குச் சம்பளம் கொடுக்கிறாள்! வடிவு நோட்டை முகர்ந்து பார்த்தாள். அத்தர் வாசனை அடிப்பதாகவே அவளுக்குப் பட்டது. மீன் வாசனைதான் அடித்தது.

அவள் அழுது முடிப்பதற்குள் செல்லம்மாள் வந்துவிட்டாள். பின்னால் போனதையும் நோட்டையும் வடிவு சொல்லிவிட்டாள், ஸ்கூட்டர்காரனை மட்டும் சொல்லவில்லை. வெறும் வாயையே மெல்லுகிறவள், அவலும் கிடைத்துவிட்டது.

"ஐயய்யோ, நம்ம பச்சமுத்துவா! நானும் நெனச்சேன்டி, வாரத்துக்கொரு தரம் கண்ணாடிய வாங்கிட்டுப் போறானேன்னு. சும்மா விடாத. ஞாயித்துக்கெழம பஞ்சாயத்துல வையி. நாலு பேரு மின்னால அசிங்கப்பட்டாத்தான் ஆம்பளைங்களுக்குப் புத்தி வரும்."

"வெக்கறேங்கா" என்றாள் வடிவு. "அவன எங்கால்ல விழ வெக்கறேனா இல்லியா பாரு."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் முன்னால் பஞ்சாயத்துக் கூடியது. மேஸ்திரி நடுவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ரெய்டுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு செத்துப்போயிருந்தது. புருஷன் பெண்டாட்டி வழக்கு என்றதும் கொட்டாவி விட்டார். "சொல்லு புள்ள, சீக்கிரம் சொல்லு" என்றார்.

வடிவு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மேஸ்திரி, இந்தாளு ரெண்டு மாசமா சொல்லாம கொள்ளாம வெளிய போறாரு. குளிச்சிட்டு, தலைய வாரிக்கிட்டுப் போறாரு. எங்கன்னா வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. மூங்கில் ஓட்டையில நோட்ட ஒளிச்சி வெச்சிருக்காரு. நூறு ரூவா நோட்டு! சலவ நோட்டு! கையாளு வேல செய்யறவனுக்கு ஏது மேஸ்திரி சலவ நோட்டு?"

மேஸ்திரியின் கொட்டாவி பாதியில் நின்றது.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து உடனே அடங்கியது. சுவரில் சாய்ந்திருந்த கம்பிக்காரன் ஒருவன் நேராக நின்றான். இருசனின் பெண்டாட்டி எழுந்து முன்னால் வந்தாள்.

"ரெண்டு மாசமாவா?" என்றார் மேஸ்திரி மெதுவாக. "ரெய்டுக்கு மின்னாடியே போறானா?"

"மின்னாடியும் போனாரு, பின்னாடியும் போனாரு" என்றாள் வடிவு வீம்பாக. தவளை தன் வாயால் கெட்டது என்பார்களே, அது இதுதான். ஆனால் இங்கே வாய் இவளுடையது, கெடப்போகிறவன் அவன்.

"பச்சமுத்து, இப்படி வா" என்றார் மேஸ்திரி. "எங்கடா போற? நோட்டு ஏது?"

பச்சைமுத்து வந்து நின்றான். அவன் வடிவைப் பார்க்கவில்லை. கம்பிகளைப் பார்த்தான். பெண்டாட்டியிடம் மாட்டிக்கொண்ட புருஷன் பெண்டாட்டியைத்தான் முதலில் பார்ப்பான். அவளுக்கு ஏதோ போலிருந்தது.

"பொம்பளதான் மேஸ்திரி" என்றான் அவன்.

இத்தனை நாளாக அவன் வாயிலிருந்து வரவேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்த வார்த்தை. ஆனால் அதைச் சொன்ன விதம்! பொய் சொல்லும்போது கழுத்தைத் தடவிக்கொள்வது அவன் வழக்கம். இப்போதும் கழுத்தைத் தடவினான். எட்டு வருஷம் கூடப் படுத்தவளுக்கு அது தெரியாதா?

"பொம்பளயா?" மேஸ்திரி சிரிக்கவில்லை. "ஆம்பளதான்டா பொம்பளைக்குக் காசு குடுப்பான். பொம்பள ஒனக்கு நூறு நூறாக் குடுக்கறாளா? நீ என்ன மன்மதனா? யாருடா அவ? எங்க இருக்கா?"

"அது... ஐ.என்.ஏ. மார்க்கெட்டாண்ட..."

"பேரு?"

பச்சைமுத்து மறுபடி கழுத்தைத் தடவினான். கம்பிக்காரன் ஓர் அடி முன்னால் வந்தான்.

அப்போதுதான் வடிவுக்கு அந்த பூட்ஸ் ஞாபகம் வந்தது. கனத்த பழுப்பு பூட்ஸ். ரெய்டு அன்றைக்குக் கோயில் மேடையை உதைத்துப் பெயர்த்த கால்கள் எல்லாவற்றிலும் அதே பூட்ஸ்தான் இருந்தது. பேர் கேட்க மாட்டார்கள் என்று மேஸ்திரி சொன்னாரே. பேர் இல்லாதவனிடம் கட்டைவிரல்தானே வாங்குவார்கள்? ஐயோ, என் வாயில் மண் விழ! புருஷனை இழுத்துக்கொண்டு வந்து நானே கசாப்புக் கட்டையில் வைத்துவிட்டேனே!

மேஸ்திரி அவள் பக்கம் திரும்பினார். "ஏ புள்ள, நீ பின்னாடியே போனியாமே, செல்லம்மா சொன்னா. நீ பாத்தியா? பொம்பளயத்தான் பாத்தியா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பச்சைமுத்துவும் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தான்.

"பாக்காம என்ன!" என்றாள் வடிவு. "இந்த ரெண்டு கண்ணால பாத்தேன் அந்தத் தேவிடியாள!"

குரல் முதலில் பிசிறியது. அப்புறம் பிசிறவில்லை. ஏனென்றால் சொல்ல வேண்டிய எதையும் அவள் தேட வேண்டியிருக்கவில்லை. ரெண்டு மாசமாகப் பாத்திரத்தோடு பாத்திரமாக அவளைத் தேய்த்துத் தேய்த்து உருவாக்கி வைத்திருந்தாள்.

"கோதும மாவு மாதிரி நெறம் மேஸ்திரி. கிளி மூக்கு. மூக்குல செவப்புக்கல்லு. பின்னலு இங்க, இடுப்புக்குக் கீழ தொங்குது, நுனியில குஞ்சலம் வேற! சேல இல்ல, பச்சக் கலர்ல சல்வாரு. முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையலு. அவ வர்றதுக்கு மின்னாடியே வளையலு சத்தம் வருது. இவரப் பாத்ததும் தலையச் சாச்சி இப்பிடிச் சிரிக்கறா. ஒரு பல்லு மேல ஒரு பல்லு ஏறியிருக்கு, அதுவும் அவளுக்கு அழகாத்தான் இருக்கு, பாழாப்போனவளுக்கு! ரெண்டு கையாலயும் இவரு கன்னத்தத் தொடறா. அப்பறம் சட்டைக்குள்ளருந்து நோட்ட எடுத்து, இவரு இடுப்புல அவ கையாலயே சொருகறா மேஸ்திரி! பித்தான் அறுந்திருந்ததப் பாத்துட்டு, அங்கியே உக்காந்து தச்சும் விடறா! நான் இருக்கேன் பொண்டாட்டின்னு, நான் தைக்கமாட்டேனா ஒரு பித்தான்!"

அதற்கு மேல் பேச முடியவில்லை. தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகையில் பொய்யே இல்லை. பயம் பாதி, எரிச்சல் பாதி. இல்லாத அந்தப் பித்தான் ஊசியை நினைத்து அவள் மனசார அழுதாள்.

கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பெண்கள் 'ச்சீ' என்றார்கள். ஆண்கள் பச்சைமுத்துவை ஒருமாதிரி பார்த்தார்கள். அதில் சந்தேகத்தின் சாயல்கூட இல்லை. சிமெண்ட் புருவமும் ஒட்டிய கன்னமுமாக நிற்கிற இவனுக்கு அப்படி ஒருத்தியா என்கிற வயிற்றெரிச்சல்தான் இருந்தது. கம்பியை வைத்திருந்தவன்கூட அதைக் கீழே ஊன்றிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

மேஸ்திரி கொஞ்ச நேரம் பச்சைமுத்துவை முறைத்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்துவிட்டார். "பக்கா ஆளுடா நீ! எனக்கு எவளும் ஒரு டீகூட வாங்கித் தந்ததில்ல."

தீர்ப்பு சுலபமாக முடிந்தது. பச்சைமுத்து பெண்டாட்டி காலில் விழ வேண்டும். இனிமேல் ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் தலைவைக்கக்கூடாது. பாவக் காசு வீட்டில் தங்கக்கூடாது, முந்நூறையும் அம்மன் கோயிலுக்குக் கட்டிவிட வேண்டும். கோயில் பணம் இருப்பது மேஸ்திரியிடம். பச்சைமுத்து மூங்கிலிலிருந்து நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். தன்னைக் காட்டிக் கொடுத்ததற்கான கூலியைத் தானே விரித்துப் பார்த்து மடியில் கட்டிக்கொண்டு மேஸ்திரி எழுந்து போனார்.

குடிசைக்குள் வந்து வாசலில் தொங்கிய சாக்கை இழுத்துவிட்டதும் வடிவு அவன் சட்டையைப் பிடித்தாள். தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் செல்லம்மாள் காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள் என்று தெரியும். அதனால் உரக்க ஒன்றும் மெல்ல ஒன்றுமாகப் பேச வேண்டியிருந்தது.

"வெக்கங்கெட்ட ஆளு! எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுச் சோறு கேக்கற?" என்று கத்தினாள். பிறகு காதோடு கேட்டாள்: "போலீசா?"

அவன் தலையாட்டினான்.

"சுப்புவுக்காகவா?"

"மொதல்ல அதுக்காகத்தான். தளம் விழுந்தப்ப அவன் கத்துன கத்து காதுலயே இருந்துச்சு. அப்பறம் காசு நல்லாத்தான் இருக்கும்னும் தோணுச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"அவளையே கட்டிக்கிட்டு அழு, போ!" என்று சுவருக்காக ஒரு கத்துக் கத்திவிட்டு, அவள் மறுபடி குரலை இறக்கினாள். "எங்கிட்ட ஏன் மாமா சொல்லல? மீசைக்காரன் எவனோ ஒருத்தங்கிட்டச் சொன்னியே. தலைய வாரிக்கிட்டுப் போயிச் சொன்னியே!"

"கூலிக்காரனாட்டம் போனா மார்க்கெட்டுல எல்லாரும் உத்துப் பாப்பாங்க, சுத்தமா வான்னு அவந்தான் சொன்னான். எம்பேரு அவனுக்குத் தெரியாது புள்ள. வெறும் நம்பரு. ஒனக்குச் சொன்னா நீ தாங்குவியா? உன் வாயி..." என்று ஆரம்பித்தவன், அன்று அந்த வாய் செய்த காரியத்தை நினைத்து நிறுத்திக்கொண்டான்.

இப்போது தெரிந்துவிட்டதே, ஆறியிருக்க வேண்டும் அல்லவா? ஆறவில்லை. கட்டிய பெண்டாட்டி பக்கத்தில் படுத்திருக்க, ரகசியம் ஸ்கூட்டர்காரனுக்குப் போயிருக்கிறது. பெண்ணாக இருந்தால் என்ன, மீசையாக இருந்தால் என்ன, என்னை விட்டுவிட்டு வேறு ஒருத்தரிடம் போய்ச் சொன்னாயே என்று அவளுக்கு உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்தது.

"பித்தான்?" என்றாள்.

"நாந்தான் தச்சேன்."

பச்சைமுத்து மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தான். அவன் முகத்தில் வெகுநாள் கழித்து ஒரு சிரிப்பு வந்தது.

"ஏ புள்ள, அவள எங்கருந்து புடிச்ச? பல்லுமேல பல்லு, வளையலு, குஞ்சலம்... கேக்கக் கேக்க எனக்கே ஒருமாதிரி ஆயிடுச்சு. அம்புட்டு அழகாவா இருந்தா?"

அன்று ராத்திரி அவனுக்கு நிஜமாகவே சோறு கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் பிழைப்பு அப்படித்தான் போயிற்று. வாரத்துக்கு ரெண்டு தடவையாவது வடிவு வாசலில் நின்று அந்த ஹிந்திக்காரியைத் திட்ட வேண்டும். திட்டாவிட்டால் மேஸ்திரிக்கு யோசனை வந்துவிடும். பச்சைமுத்து தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வான். வேலையிடத்தில் அவனுக்கு மரியாதை கூடிவிட்டது. கொத்தனாரே பீடி நீட்டுகிறாராம். ஆண்கள் அவளைப் பற்றி விசாரிக்கிறார்கள், சொல்ல ஒன்றுமில்லாமல் அவன் சிரிக்கிறான், அந்தச் சிரிப்பு அவர்களை இன்னும் எரிய வைக்கிறது. காட்டிக் கொடுத்தவன் யார் என்ற பேச்சு மெல்ல இருசனுக்கு வேண்டாத பக்கத்துக் குடிசைப் பகுதிக்காரர்கள் மேல் திரும்பி, அப்படியே தேய்ந்துபோயிற்று.

ஒருநாள் குழாயடியில் செல்லம்மாள் வடிவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அடியே, சொன்னா மனசொடஞ்சி போவ. சொல்லாமயும் இருக்க முடியல. நேத்து ஐ.என்.ஏ. மார்க்கெட்டுல அவளப் பாத்தேன்டி."

"யாரக்கா?"

"அவளத்தான். நீ சொன்ன அப்பிடியே! அதே மூக்கு, அதே செவப்புக்கல்லு. பல்லுமேல பல்லு போட்டுக்கிட்டுச் சிரிக்கறா. பக்கத்துல ஒரு ஆளு. பின்பக்கத்துலருந்து பாத்தா அச்சு அசலா ஒம்புருசன் மாதிரியே இருந்துச்சு."

வடிவுக்குச் சிரிப்பு வந்தது. அவளை உருவாக்கியவளே இவள்தான். மூக்கு ஒரு வீட்டில் எடுத்தது, சிரிப்பு இன்னொரு வாசலில் எடுத்தது. அப்படி ஒருத்தி இந்த டில்லியில் எங்கேயும் கிடையாது. செல்லம்மாள் வாய்க்கு வந்ததைப் புளுகுகிறாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பேசிவிட்டுப் போகட்டும், நல்லதுதான்.

இதையெல்லாம் நினைத்தபடியே குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். நாலு அடி நடந்தாள். பச்சைமுத்து நேற்று வேலையிலிருந்து எத்தனை மணிக்குத் திரும்பினான் என்று யோசித்தாள். சரியாக ஞாபகம் வரவில்லை.

குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"ஏங்கா, அந்த ஆளு என்ன கலர்ல சட்ட போட்டிருந்தான்?"